வேட்டைக் கறி சுமந்த பைகள்

போன புரட்டாசியில், வீட்டில் கறி வாசமே இல்லாத ஒரு சனிக்கிழமை காலை, கனடாவில் கியூபெக் மாகாணத்தில் இருக்கும் என் தங்கை மகன் போன் செய்தான்.

"மாமா, ஒரு சந்தேகம். கறி எடுத்துவரப் பை வாங்கணும். காட்டன் நல்லதா, பாலியெஸ்டர் நல்லதா?"

கறிக்கடைக்கு மஞ்சப்பை போதாதா என்று கேட்டேன். சிரித்துவிட்டான். அவனுடைய அலுவலக நண்பர்கள் வருடா வருடம் லைசென்ஸ் எடுத்து ஒரிஞ்ஞால் வேட்டைக்குப் போவார்களாம். இந்த முறை இவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரிஞ்ஞால் என்பது மான் குடும்பத்திலேயே பெரியது. பிரான்சில் அதை எலான் என்பார்கள், கியூபெக்கில் மட்டும் இந்தப் பெயர். நன்றாக வளர்ந்த ஆண் 400, 500 கிலோ இருக்கும். அதைச் சுட்ட இடத்திலிருந்து சாலைக்கு வண்டி வராது. அங்கேயே தோலுரித்து, நான்கு கால்பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பையில் போட்டு முதுகில் கட்டிச் சுமந்து வரவேண்டும். பின்னங்கால் பங்கு ஒன்றே 50 கிலோ வருமாம். சுமக்கிறவனுக்குப் பையின் கனமும் ஒரு கனம்தானே. அதனால்தான் லேசான பை தேடுகிறான்.

எனக்கு வேட்டை தெரியாது. கோழி அறுப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். ஆனாலும் பென்ஷன்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. அந்தப் பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. அவன் கேட்கத் தொடங்கி, கடைசியில் நான்தான் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அவன் படித்துவைத்திருந்தது இது. உயிர் போன பிறகும் உடம்புச் சூடு போவதில்லை. பெரிய மிருகம் என்றால் தொடை எலும்பைச் சுற்றி உள்ளே பல மணி நேரம் அந்தச் சூடு நிற்கும். சூடு வெளியேற வழி வேண்டும், மேலே உள்ள ஈரம் காய வேண்டும், ஈ முட்டையிடக் கூடாது. பை இந்த மூன்றையும் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் பை ஈயைத் தடுக்கும், ஆனால் சூட்டையும் ஈரத்தையும் உள்ளேயே பூட்டிவிடும். அதைவிடக் கெடுதல் வேறில்லை. கியூபெக்கில் பழைய வேட்டைக்காரர்கள் கொத்தோன் அ ஃபுரோமாழ் என்ற சல்லாத் துணியைச் சுற்றுவார்கள். பாலாடைக்கட்டி வடிகட்டுகிற துணி. காற்று நன்றாகப் போகும். ஆனால் இழை அகலமாக இருந்தால் அதன் வழியாகவே ஈ முட்டை வைத்துவிடும். பலமாகத் தூக்கினால் கிழியும். கெட்டியான பருத்திப் பை கிழியாது, ஆனால் ரத்தத்தைக் குடித்துக் கனத்துப்போகும், காய நேரமாகும். இப்போது வருகிற நெருக்கமான பாலியெஸ்டர் நெசவுப் பை ஒன்று 150 கிராம்கூட இருக்காதாம். உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொள்ளலாம், துவைத்து மறுபடி பயன்படுத்தலாம். ஈ வராமல் இருக்கக் கறியின் மேல் மிளகுத் தூள் தூவுகிறவர்களும் உண்டாம். "நம்ம மிளகு மாமா!" என்று அவனுக்கு ஒரே பெருமை.

அவன் பேசப் பேச எனக்கு ஒரு சொல் ஞாபகம் வந்தது. ழிப்சியேர்.

என் தலைமுறைப் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இது புரியும். பிரெஞ்சு மீடியத்தில் படித்த நாங்கள் பார்க்காத பனியைப் பற்றிக் கட்டுரை எழுதினோம், பார்க்காத முயல் வேட்டையைப் பற்றி திக்தே எழுதினோம். வேட்டையில் கிடைக்கும் பிராணிக்கு ழிபியே என்று பெயர், அதைப் போடும் தோள்பைக்கு ழிப்சியேர். பாடப் புத்தகத்துப் படத்தில் அந்தப் பையின் முன்பக்கம் வலை போட்டிருக்கும். அழகுக்காக என்று நினைத்திருந்தேன். பறவை வெந்து போகாமல் காற்றுப் படத்தான் அந்த வலை என்று 70 வயது தாண்டி இப்போதுதான் புரிகிறது. அல்போன்ஸ் தொதே 1872-இல் எழுதிய தர்த்தரேன் கதையில் அந்த ஊரைச் சுற்றி வேட்டையாட ஒரு பிராணியும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பையும் துப்பாக்கியுமாகக் கிளம்பிப் போய், தங்கள் தொப்பியை மேலே வீசி அதைச் சுட்டுவிட்டு வருவார்கள். வகுப்பே உருண்டு சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

இதே தத்துவம் எங்கள் வீட்டிலும் இருந்தது. கார்த்-மான்ழே என்று நாங்கள் சொன்ன வலை பீரோ ஞாபகம் இருக்கிறதா? நாலு பக்கமும் கம்பி வலை, நாலு காலுக்கும் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம். ஃபிரிட்ஜ் வந்ததும் முதலில் விறகாகப் போனது அதுதான்.

தமிழில் இதற்கு என்ன சொல் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. புறநானூற்றை நான் கையில் எடுத்தது ஓய்வுபெற்ற பிறகுதான். உ.வே.சாமிநாதையர் 1894-இல் அச்சில் ஏற்றிய நூல், எனக்கு வந்துசேர நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதில் 33-ஆம் பாட்டு, கோவூர்கிழார் பாடியது. காட்டில் வாழ்கிற வேட்டுவன், கோபக்கார நாய்களை வைத்திருப்பவன், மான் கறியை ஒரு வட்டியில் கொண்டுவந்து கொட்டுகிறான். ஆய்மகள் ஒரு பானையில் தயிர் கொண்டுவருகிறாள். உழவர் வீட்டுப் பெண்கள் குளத்துக்குக் கீழ் விளைந்த வெண்ணெல்லைக் களத்திலிருந்து முகந்து, கறி வந்த வட்டியும் தயிர் வந்த பானையும் நிறையக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

வட்டி என்றால் கூடை, கடகப்பெட்டி. சேமநல நிதிக் கணக்கில் வட்டி போட்டே ஆயுளைக் கழித்த குமாஸ்தாவுக்கு இந்த வட்டி தெரியாமல் போனது விந்தைதான். 2000 வருடத்துக்கு முன் தமிழன் வைத்திருந்த வேட்டைப் பை இது. என் மருமகன் கடை கடையாகத் தேடுகிற குணமெல்லாம் அதில் இருக்கின்றன: கனமில்லை, முடைந்த இடைவெளியில் காற்று வரும், ஈரம் தங்காது. அவன் பைக்கு இல்லாத ஒரு வசதியும் உண்டு. திரும்பும்போது நெல் பிடிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வேட்டுவன் தொலைதூரம் போகவில்லை. காடும் வயலும் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்க வேண்டும். நம் வெயிலில் பச்சைக் கறியை ஒரு காலைப்பொழுதுக்கு மேல் சுமக்க முடியாது. பொருநராற்றுப்படையிலும் கரும்பும் அவலும் கொடுத்து மான் கறியும் கள்ளும் வாங்கிப் போகிறார்கள். எல்லாம் பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்களின் கொடுக்கல் வாங்கல்.

நம் ஊர்ப் பக்கத்துச் செய்தியும் ஒன்று உண்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் நம் மரக்காணம் என்றும், வேலூர் என்பது வானூர் வட்டத்து உப்புவேலூர் என்றும் சொல்லும் அறிஞர்கள் உண்டு. அந்த வேலூரில் எயினர் வீட்டுப் பெண்கள் வழிப்போக்கருக்குப் புளிச்சோறும் ஆமான் சூட்டுக்கறியும் போடுகிறார்கள். ஆமான் என்றால் காட்டுப் பசு. அந்த வேலூர் இந்த வேலூர்தான் என்றால், இன்று முந்திரியும் சவுக்கும் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் பெரிய மிருகங்கள் மேயக் காடு இருந்திருக்கிறது. நெருப்பில் சுட்ட கறியைத்தான் போட்டார்கள். அடித்த இடத்துக்கு அருகிலேயே தின்று தீர்த்தால் பைக்கே வேலையில்லை.

தூரம் போகவேண்டும் என்றால் வழி வேறு. கறியிலிருந்து தண்ணீரை எடுத்துவிட வேண்டும், அல்லது காற்றே படாமல் மூடிவிட வேண்டும். 1660-இல் இலங்கையில் பிடிபட்டு 19 வருடம் கண்டி ராஜ்ஜியத்தில் கிடந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அங்கே வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதில் கறியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறார்.

என் மருமகன் இருக்கிற கனடாவிலேயே இதற்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு. அங்கே காட்டெருமைக் கறியைக் காயவைத்து, இடித்து, உருக்கிய கொழுப்பில் கலந்து, எருமைத் தோல் பையில் அடைத்துத் தைத்துவிடுவார்கள். பெமிக்கன் என்று பெயர். பிரெஞ்சு ரத்தமும் பூர்வகுடி ரத்தமும் கலந்த மெத்தீஸ் மக்கள் அந்தப் பையைத் தொரோ என்று சொன்னார்கள், எருது என்று பொருள். ஒரு பை 90 ராத்தல், ஏறக்குறைய 41 கிலோ. கம்பளி ரோம வியாபாரப் படகுகள் எல்லாம் இதை நம்பித்தான் ஓடின. 1814 ஜனவரி 8-இல் செந்நதிக் குடியேற்றத்தின் கவர்னர் மைல்ஸ் மக்டோனல், பெமிக்கனை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு போட்டார். பகை முற்றி, 1816 ஜூன் 19-இல் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலில் அடுத்த கவர்னர் ராபர்ட் செம்பிளும் அவருடைய ஆட்கள் இருபது பேரும் செத்தார்கள். கறிப் பைக்காகத் தொடங்கிய சண்டை! அதற்கு நடுவே, 1815 மார்ச் 7-இல், லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, நம் பிரெஞ்சிந்தியாவின் உப்பு விவகாரம் ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய்க்கு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அங்கே கறிக்கு அடிதடி, இங்கே உப்புக்குக் கையெழுத்து. இரண்டும் இல்லாமல் உப்புக்கண்டம் ஏது?

உப்புக்கண்டம் என்றதும் எங்கள் ஆயா வந்துவிடுகிறார். இனி நான் ஒரு மணி நேரம் போனைக் கீழே வைக்காததன் காரணத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் பிறந்த வீடு இந்தப் பெரிய முதலியார்சாவடியில்தான். அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை. லீவு விட்டால் நான் இங்கே. அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தார். உப்பு வாருகிற பருவத்தில் அங்கேயே தங்கிவிடுவார். 1961 சித்திரையில், புதுச்சேரியிலிருந்து துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகும் ஒரு பெரிய மனிதர் மாமாவைச் சுமை தூக்க அழைத்துப் போனார். செஞ்சி மலைப் பக்கம் காட்டுப்பன்றி வேட்டை. மூன்று நாள் வேலை, சம்பளம் பணமில்லை, கறியில் பங்கு. அப்போது இதெல்லாம் சாதாரணம். 1972-இல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று கழுவேலியில் ஒரு நாரையைத் தொட்டாலும் வழக்கு. 2021-இல் அதைப் பறவைகள் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். நல்லதுதான்.

ஆயாவுக்குச் செய்தி முன்பே தெரியும். மழைக்காலத்துக்கு உப்புக்கண்டம் போட்டுவைக்க வேண்டும் என்று கல்லுப்பை இடித்துச் சலித்து வைத்திருந்தார். மஞ்சள் அரைத்து உருட்டி வைத்திருந்தார். கறியைக் கோக்கச் சணல் கயிறு, காயப்போட இரண்டு கம்பம், காக்கா ஓட்ட நான். மாமிக்கு அப்போது நிறைமாதம். வீட்டில் எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார். தோளில் ஒரு கோணிப்பை. ஆயா அதைப் பிரித்தார். உள்ளே மெழுகுத் துணியில் இறுக்கிச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு முழுத் தொடை. சாப்பாட்டு மேசைமேல் விரிக்கும் பூப்போட்ட துணி, நாங்கள் துவால் சிரே என்போமே, அதுதான். கயிற்றை அறுத்ததுமே ஆயா முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மேலே தோல் நன்றாகத்தான் இருந்தது. அரிவாள்மணையில் வைத்து மூட்டைப் பிளந்தபோது எலும்பை ஒட்டிப் பச்சையாக இருந்தது. அந்த நாற்றத்தை நான் வேறெங்கும் அறிந்ததில்லை.

"எங்கடா உக்காந்து குடிச்சிட்டு வந்தே?" இதுதான் ஆயா கேட்ட முதல் கேள்வி.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அன்று மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு. புதுச்சேரியில் சாராயக்கடை திறந்தே இருக்கும். செஞ்சியிலிருந்து திண்டிவனம் வந்து, பஸ் ஏறி, புதுச்சேரியில் இறங்கித்தான் முத்தியால்பேட்டை, கோட்டக்குப்பம் வழியாக இங்கே நடந்து வரவேண்டும். காலையில் கிளம்பியவன் மத்தியானத்துக்குள் வந்திருக்க வேண்டாமா? இடையில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான், கறி வெயிலில் வெந்துவிட்டது. இது ஆயாவின் கணக்கு.

"ஒரு எடத்துலயும் ஒக்காரலம்மா" என்றார் மாமா. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். யாரும் நம்பவில்லை. மாமி உள்ளே போய்விட்டார். தொடையைத் தென்னை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தார்கள். அரைத்த மஞ்சளை என்ன செய்தார்கள் என்று நினைவில்லை. உப்பை மட்டும் ஆயா மறுபடி சாலில் கொட்டி மூடினார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அது ஒரு பழமொழிபோல ஆகிவிட்டது. யாராவது தாமதமாக வந்தால், "இன்னா, பன்னித் தொடை எடுத்துனு வரியா?" என்பார்கள். நானே மாமாவைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கிறேன், மீசை முளைத்த வயதில். ஒருமுறை மட்டும் அவர் பதில் சொன்னார். சாயந்திரம் சுட்டதாம். ஐயாவுக்குக் காலை வெளிச்சத்தில் பன்றியோடு போட்டோ எடுக்கவேண்டும் என்பதால் ராத்திரி முழுக்கத் தோலோடு அப்படியே கிடந்ததாம். விடிந்ததும் தோலோடு ஒரு தொடையை வெட்டிக் கொடுத்தார்களாம். திண்டிவனம் வரை கார். சீட்டில் ரத்தம் படக்கூடாது என்று, மேசை விரிப்பை அவர்களே கொடுத்து இறுக்கிக் கட்டச் சொன்னார்களாம். எனக்கு அது சாக்காகத்தான் பட்டது. மாமா 1998-இல் இறந்துபோனார்.

அறுபது வருடத்துக்கும் மேல் கழித்து, கியூபெக்கிலிருந்து ஒரு பையன் எனக்கு விளக்குகிறான்: "மேலே நல்லாத்தான் இருக்கும் மாமா. தொடை மூட்டுக்குள்ள சூடு அடைஞ்சு, எலும்பை ஒட்டி முதல்ல அழுகும். அதனாலதான் உடனே தோலை உரிக்கணும், மூட்டைப் பிரிச்சு வைக்கணும். குளிர்லகூட ஒரு ராத்திரி தோலோட விட்டா போயிடும்." நான் அவனை நிறுத்தி, மறுபடியும் சொல்லச் சொன்னேன். காட்டுப்பன்றிக்கும் அப்படியா என்று கேட்டேன். பன்றிக்கு தோலுக்கடியில் கொழுப்பு வேறு, இன்னும் மோசம் என்றான்.

கியூபெக் குளிரிலேயே அப்படி என்றால், செஞ்சிப் பாறைச் சூட்டில், சித்திரை மாதத்தில்? மாமா காரில் ஏறும்போதே அந்தத் தொடை கெட்டிருக்கிறது. மெழுகுத் துணி மிச்சத்தை முடித்துவைத்தது. நானும் எல்லாவற்றையும் யோசித்துப் பார்க்கிறேன். ஓலைப்பெட்டியில் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்குமா? இல்லை. சுட்ட இரவே தோலுரித்து, எலும்பைக் கழற்றி, கீற்றுக் கீற்றாக அறுத்து உப்பு தடவியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். உப்பளக் கூலிக்கு அந்த வேலை தெரியாதா என்ன? ஆனால் பன்றி அவருடையதில்லை, தொட அனுமதியில்லை. உப்பும் இங்கே ஆயாவின் சாலில் இருந்தது. சாராயக்கடையில் உட்கார்ந்திருந்தாலும் சரி, பறந்து வந்திருந்தாலும் சரி, தென்னை மரத்தடிதான் அந்தக் கறிக்கு.

பேருந்து நேரத்தையும் கணக்குப் போட்டேன், குமாஸ்தா புத்தி. பத்து மணிக்குத் திண்டிவனத்தில் இறக்கிவிட்டதாக மாமா சொல்லியிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்து புதுச்சேரி வந்துசேர ஒரு மணி ஆகியிருக்கும். அங்கிருந்து தோள்சுமையோடு 7, 8 கிலோமீட்டர் நடை. மூன்று மணி சரியாகத்தான் வருகிறது.

மாமாவின் மகள், அன்று மாமி வயிற்றில் இருந்தவள், இப்போது கோட்டக்குப்பத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். மறுநாளே ஆட்டோ பிடித்துப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். முடித்ததும், "அப்பா சாகற வரைக்கும் அம்மாகிட்ட இதைத்தான் சொல்லிட்டிருந்தாரு. உங்க பிளாகுல எழுதிடுங்க அத்தான், நம்ம ஜனங்க எல்லாம் படிக்கறாங்கல்ல" என்றாள். எழுதிவிட்டேன்.

மருமகன் கடைசியில் பாலியெஸ்டர் பைதான் வாங்கினான், நாலு பை. என் தங்கை இங்கிருந்து கால் கிலோ மிளகு அனுப்பினாள். பத்து நாள் காட்டில் சுற்றியும் ஒரு ஒரிஞ்ஞாலின் குளம்படியைத் தவிர எதையும் பார்க்கவில்லையாம். தொப்பியையாவது சுட்டார்களா என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை.

மிளகில் அவன் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறான்.